லாரி பிரேக்: எங்கள் செட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இரண்டு லாரி ஓடுகிற சின்ன செட்டு என்னுடையது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் நானே ஸ்டியரிங் பிடித்தேன். ஆத்தங்குடிப் பூக்கல் என்கிற தரை ஓடு, திருமயம் பக்கத்து ஜல்லி, தஞ்சாவூர் நெல், ராமநாதபுரத்து உப்பு, கரிமூட்டை என்று ஏற்றாத லோடு இல்லை. புதிதாக வண்டி ஏறுகிற பையன்கள் டீக்கடையில் கேட்கிற கேள்விகள்தான் கீழே இருப்பவை. சிலவற்றைக் கேட்கவே கூச்சப்படுவார்கள். அதனால் எழுதிவிட்டேன்.

லோடு ஏற்றிய லாரி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

நாம் நினைப்பதைவிட அதிகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. முன்னால் மாடு குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பெடலுக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதிலேயே 25 மீட்டர் போய்விட்டது. ஏர் பிரேக்கில் பெடலை மிதித்ததும் காற்று குழாய் வழியாகப் போய் வீலைப் பிடிக்க இன்னொரு அரை விநாடி. அதில் 8 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. காய்ந்த ரோடு, நல்ல லைனர் (வீலைப் பிடித்து உரசுகிற பிரேக் பட்டை), நல்ல டயர் என்றால் அங்கிருந்து 28 மீட்டர் சொச்சம். மொத்தம் 60 மீட்டருக்குக் குறையாது. ஆறு லாரியை வரிசையாக நிறுத்திய நீளம் அது.

அதே வண்டி 80 இல் போனால் 94 மீட்டர் ஆகிறது. 20 கிலோமீட்டர்தானே கூடியது, தூரம் ஏன் இவ்வளவு கூடுகிறது என்று கேட்பார்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு ஆகும். கணக்கு அப்படித்தான், கெஞ்சினால் குறையாது. மழையில் 60 இலேயே 80 மீட்டரைத் தொட்டுவிடும்.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது?

மீட்டர் கணக்கு ஓடுகிற வண்டியில் யாருக்கும் வராது. விநாடியை எண்ணுங்கள். முன்வண்டி ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று ஆரம்பியுங்கள். நீங்கள் அந்த மரத்துக்கு வரும்போது குறைந்தது நான்கு எண்ணியிருக்க வேண்டும். முழு லோடு என்றால் ஐந்து, ஆறு. மழையில் ஏழெட்டு.

"அண்ணே, அவ்வளவு இடம் விட்டா ஒரு கார்க்காரன் நடுவுல நுழைஞ்சுடுறானே" என்பார்கள். நுழையட்டும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து திருச்சி போவதற்குள் பத்து பேர் நுழைந்தாலும் மொத்தம் ஒரு நிமிஷம்தான் தாமதமாகும்.

ஏர் பிரேக்கில் காற்று போய்விட்டால் பிரேக்கும் போய்விடுமா?

பாதி சரி. கால் பிரேக்குக்குக் காற்று வேண்டும். இன்ஜினில் ஓடுகிற கம்ப்ரசர் டேங்கில் காற்றை நிரப்பி வைக்கிறது. பெடலை மிதித்தால் அந்தக் காற்று போய் லைனரை, வீலோடு சேர்ந்து சுற்றுகிற டிரம்மோடு அழுத்துகிறது. ஹேண்ட் பிரேக் இதற்கு நேர் தலைகீழ். அங்கே பெரிய ஸ்பிரிங் ஒன்று எப்போதும் வீலைப் பிடிக்கத் தயாராக இருக்கிறது, காற்றுதான் அதைத் தள்ளிப் பிடித்து வைத்திருக்கிறது. காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பிடித்துவிடும். காலையில் ஏர் ஏறாமல் வண்டி நகர மறுப்பது அதனால்தான். ஓடும்போது காற்று குறைந்தால் இதே ஸ்பிரிங் நாம் எதிர்பார்க்காத நேரத்தில் பின் வீலைப் பிடிக்கும். அது பெரிய ஆபத்து.

டேங்க் நிறைந்தால் ஏர் மீட்டர் முள் பொதுவாக 8 கிலோ அழுத்தத்தின் பக்கம் நிற்கும். 5 கிலோவை நெருங்கும்போது பஸ்ஸர் கத்தும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பஸ்ஸர் கத்தினால் ஓரம் கட்ட வேண்டும். அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிய ஒருவரோடு கிளீனராகப் போயிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும்.

நம் ஊர்ச் செட்டியார் வீடுகளில் ஐந்தொகை எழுதுவார்கள், வரவு, செலவு, இருப்பு எல்லாம் அதில் தெரியும். டேங்கில் இருக்கிற காற்றுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மிதியும் செலவு. கம்ப்ரசர் போடுகிற வரவுக்கு மேல் மிதித்துக்கொண்டே போனால் இருப்பு கரைந்துவிடும்.

காலையில் வண்டி எடுக்கும் முன் பிரேக்கில் எதைப் பார்ப்பது?

பத்து நிமிஷ வேலை. முதலில் வீலுக்குக் கட்டை போடுங்கள். அப்புறம் ஏர் டேங்குக்கு அடியில் இருக்கிற சின்ன வளையத்தை இழுங்கள். "புஸ்" என்று காற்றோடு தண்ணீர் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் காற்றில் இருந்த ஈரம், கவலை இல்லை. பால் ஊற்றிய காபி மாதிரி கலங்கி, விரலில் வழுக்கினால் கம்ப்ரசரில் இருந்து ஆயில் வருகிறது, பட்டறையில் சொல்லிவிடுங்கள். புதிய வண்டிகளில் காற்றை உலர்த்துகிற டிரையர் இருக்கிறது. இருந்தாலும் வாரம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. டிரையர் வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியும்.

ஏர் முழுதாக ஏறியதும் இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கால் பிரேக்கை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மீட்டர் முள் கண்ணுக்குத் தெரிய இறங்கக் கூடாது. அமெரிக்காவில் தனி லாரிக்கு ஒரு நிமிஷத்தில் 3 பிஎஸ்ஐ வரைதான் இறங்கலாம் என்று வைத்திருக்கிறார்கள், நம் கணக்கில் 0.2 கிலோ. அந்த நேரத்தில் கிளீனர் வண்டியைச் சுற்றி வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். விடியற்காலையில் ரோடு அமைதியாக இருக்கும்போது "உஸ்" என்ற சத்தம் நன்றாகக் கேட்கும். எட்டு மணிக்கு மேல் புதுப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று கேட்டால் ஹாரன்தான் கேட்கும்.

கடைசியாக, வண்டியை நகர்த்தி ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பிரேக் "கீழே போய்" பிடிக்கிறது. ஏன்?

ஏர் பிரேக் வண்டி என்றால் பெரும்பாலும் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கும். வீல் பக்கத்தில் சட்டி மாதிரி இருக்கிற பிரேக் சேம்பரிலிருந்து ஒரு தண்டு வெளியே வந்து ஸ்லாக் அட்ஜஸ்டர் என்கிற நெம்புகோலைத் தள்ளும். லைனர் தேயத் தேய அந்தத் தண்டு அதிக தூரம் வந்தால்தான் பிடிக்கும். ஓர் அளவுக்கு மேல் வந்துவிட்டால் தள்ளுகிற பலம் சட்டென்று குறையும். இன்னொன்று, டிரம் சூடானால் விரியும், அப்போது தண்டு இன்னும் நீளமாக வர வேண்டியிருக்கும். காரைக்குடி ரோட்டில் நன்றாகப் பிடித்த பிரேக் மலை இறக்கத்தில் கைவிடுவது இப்படித்தான். தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அடிக்கடி கையால் திருகிச் சரிசெய்ய வேண்டி வந்தால் அட்ஜஸ்டரே கெட்டுவிட்டது என்று அர்த்தம். திருகிக்கொண்டே இருக்காமல் மாற்றுங்கள்.

அவசரத்தில் விட்டு விட்டு மிதிப்பதா, ஒரே மிதியா?

ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் ஒரே மிதி, முழு மிதி, நிற்கும் வரை எடுக்கக் கூடாது. வீல் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை அது செய்யும், ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும். நீங்கள் விட்டு விட்டு மிதித்தால் அதன் வேலையையும் கெடுத்து, காற்றையும் வீணாக்குகிறீர்கள்.

ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் வீல் லாக் ஆகிற எல்லை வரை இறுக்கிப் பிடியுங்கள். லாக் ஆகி டயர் கீச்சிட்டால் கொஞ்சம் தளர்த்தி, வீல் உருண்டதும் மறுபடி பிடியுங்கள். லாக் ஆன முன் வீலைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால் பிரேக் இருக்கிறது, ஏபிஎஸ் இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

நம் ஊர் சமவெளி. மலை இறக்கத்தைப் பற்றி நமக்கு என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்தான் முதலில் மாட்டுவார். செட்டிநாட்டில் பழகிய காலுக்கு இறக்கம் என்பது கண்மாய்க் கரையில் ஏறி இறங்குவதுதான். அதே ஓட்டுநர் பெங்களூருக்குப் பூக்கல் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பும் லோடோடு தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் சேலம் பக்கம் இறங்குவார். இல்லையென்றால் போடிமெட்டு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டுநராகி இரண்டாவது வருஷம், ஓசூரிலிருந்து கம்பி லோடு. தொப்பூரில் டாப் கியரிலேயே இறங்கினேன். வேகம் கூடக் கூட லேசாகப் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வந்தேன். மெதுவாகத்தானே போகிறோம் என்று ஒரு நிம்மதி. பாதியில் கருகிய வாடை வந்தது. யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இடது பின் வீலில் புகை. பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்த மாதிரி, வண்டி குறையவே இல்லை. ஹேண்ட் பிரேக்கையும் கீழ் கியரையும் வைத்து, முன்னால் ஏற்றமாக இருந்த ஓர் இடத்தில் எப்படியோ நிறுத்தினேன். பின்னால் வந்த நாமக்கல் வண்டிக்காரர் இறங்கி வந்து திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "தம்பி, எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்லயே இறங்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நடந்தது இதுதான். தொடர்ந்து உரசியதில் டிரம் சூடாகி விரிந்து லைனரை விட்டு விலகிப் போனது. லைனரும் சூட்டில் பிடிமானத்தை இழந்தது. காற்று முழுதாக இருந்தது, பிரேக் இல்லை.

சரியான முறை இப்படி. இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே, கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். இறங்க ஆரம்பித்த பிறகு கியர் மாற்றப் போனால் நியூட்ரலில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. புகை போகிற வழியை அடைத்து இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். இந்த இறக்கத்துக்கு 40 தான் என்று ஒரு வேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 40 ஐத் தொட்டதும் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து மூன்று விநாடியில் 32 க்குக் கொண்டுவந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 40 ஏறட்டும், மறுபடி அதே மாதிரி. இடையில் கால் எடுக்கிற நேரத்தில் டிரம்மில் காற்றுப் பட்டு ஆறும். லேசாக வைத்துக்கொண்டே போனால் ஆற நேரமே கிடையாது. 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டில் வேகம் இன்னும் குறைவாக, கியரும் இன்னும் கீழே இருக்க வேண்டும்.

கீழே வந்ததும் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். உடனே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறுக்கவும் வேண்டாம். சம தரையாகப் பார்த்துக் கியரில் நிறுத்தி, கட்டை வைத்து, ஆற விடுங்கள்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் ஆகுமா?

ஆகாது. இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் டீசல் குடிக்கத்தான் செய்யும். அதற்கும் மேலே போய் இன்ஜினையே ஆஃப் செய்கிற புத்திசாலிகள் உண்டு. கம்ப்ரசர் நின்றுவிடும், பவர் ஸ்டியரிங்கும் மரக்கட்டை ஆகிவிடும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கை எப்போது போடக் கூடாது?

மழையில், காலி வண்டியில். அது பின் வீலை மட்டும்தான் பிடித்து இழுக்கும், பின்பக்கம் எடை இல்லாமல் ரோடும் ஈரமாக இருந்தால் வால் சுற்றிவிடும். மற்றபடி தாராளமாகப் போடலாம், லைனர் மிச்சம் ஆகும்.

மழைக்காலத்தில் நம் ரோடுகளில் எங்கே கவனம் வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் முதல் அரை மணி நேர மழைதான் மோசம். ரோட்டில் படிந்த ஆயிலும் புழுதியும் செம்மண்ணும் குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். நன்றாக அடித்துப் பெய்துவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். குவாரி, செங்கல் சூளை வாசலில் டிப்பர்கள் டயரில் கொண்டுவந்து போடுகிற சேறு எப்போதும் இருக்கும். தொண்டிப் பக்கம் இருந்து வருகிற மீன் வண்டிகள் வளைவில் சிந்துகிற தண்ணீரையும் சாதாரணமாக நினைக்காதீர்கள், பைக்காரர்கள் அதில் விழுவார்கள், நாம் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருப்போம்.

தரைப்பாலத்தில் தண்ணீரைத் தாண்டினால் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும். தாண்டியதும் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாகச் சில தடவை அழுத்திக் காயவையுங்கள்.

மழை விட்டபின் தை, மாசியில் வேறு பிரச்சனை. அறுவடை முடிந்து ரோட்டிலேயே நெல்லையும் உளுந்துச் செடியையும் பரப்பிவிடுவார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் டயருக்குத் தரையே கிடைக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, அதன் மேல் உருள விடுங்கள். திட்டிக்கொண்டே ஹாரன் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை, அவர்களுக்கும் களம் கிடையாது.

பாதயாத்திரைக் காலத்தில் எப்படி ஓட்டுவது?

தைப்பூசத்துக்கு முன் ஒரு வாரம் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரை காவடிகளும் நடைக்கூட்டமும் ரோட்டோரம் முழுக்கப் போகும். நகரத்தார் காவடி போகிற வழி அது. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் திருப்பத்தூர் ரோட்டில் மாடும் ஆளும் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது. முடிந்தால் அந்த நேரத்தில் வேறு வழி பாருங்கள். முடியாவிட்டால், நடப்பவர்கள் தெரிந்ததும் காலைப் பிரேக் பெடலுக்கு மேல் கொண்டுவந்து வையுங்கள். அழுத்த வேண்டாம், வைத்திருந்தால் போதும். மேலே சொன்ன ஒன்றரை விநாடியில் ஒரு பகுதி மிச்சம் ஆகும். எதிரில் வருகிறவர் ஹெட்லைட்டை டிம் செய்யாவிட்டால் கண் கூசும், அந்த நேரத்தில் இடது ஓரத்தில் நடப்பவர் உங்களுக்குத் தெரியவே மாட்டார். தெரியவில்லை என்றால் அந்தக் கணமே வேகத்தைக் குறையுங்கள்.

காலி வண்டி சீக்கிரம் நிற்குமா?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரேக், ஸ்பிரிங், டயர் எல்லாம் லோடுக்காகச் செய்தவை. காலியாக இருக்கும்போது பின் வீல் குதித்து, சீக்கிரம் லாக் ஆகி வழுக்கும். நிதானமாக மிதியுங்கள்.

பூக்கல் லோடுக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வேண்டும். ஆத்தங்குடிக் கல் சிமென்ட், மணலில் கையால் செய்தது, வைக்கோல் வைத்து நிறுத்தி அடுக்குவார்கள். திடீர்ப் பிரேக்கில் வரிசை முன்பக்கம் சாய்ந்தால் மூலை உடையும், உடைந்த கல்லுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். கேபினுக்குப் பின்னால் இடைவெளி விடாமல் முட்ட அடுக்கச் சொல்லுங்கள். பத்து கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நிறுத்திக் கயிற்றைப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். என் முதலாளி ஒருவர் டேஷ்போர்டில் ஒரு தம்ளரில் முக்கால் தண்ணீர் வைத்து, லெம்பலக்குடி சுங்கச்சாவடி வரை சிந்தாமல் ஓட்டச் சொன்னார். முதல் நாள் என் வேட்டிதான் நனைந்தது. ஒரு மாதத்தில் கால் படிந்துவிட்டது.

ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால்?

ஆக்சிலேட்டரை விடுங்கள், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள், ஒவ்வொரு கியராகக் கீழே வாருங்கள். இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள். ஹாரனும் நான்கு பக்க இண்டிகேட்டரும் ஓடட்டும். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள், சட்டென்று இழுத்தால் பின் வீல் லாக் ஆகி வண்டி குறுக்கே திரும்பும்.

அப்புறம் எங்கே விடுவது என்று பாருங்கள். ஏற்றம் இருந்தால் அதுதான் நல்லது. நம் பக்கத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? சாலையோரச் சீமைக்கருவேலம் புதர், மணல் மேடு, உழுத வயல் இருக்கின்றன. புளியமரமும் கண்மாயும் இல்லாத பக்கமாகப் பார்த்து இறக்குங்கள். வண்டியிலிருந்து குதிக்காதீர்கள். ஆள் இல்லாத லாரி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

லைனர் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்கிறார் ஓனர். என்ன செய்வது?

நானும் ஓனர்தான், அந்த ஆசை எனக்கும் வரும். லைனர் ரிவெட் தெரிகிற அளவு தேய்ந்துவிட்டால் ரிவெட் டிரம்மைச் சுரண்ட ஆரம்பிக்கும். லைனர் செலவு டிரம் செலவாக மாறிவிடும் என்று அந்தக் கணக்கிலேயே சொல்லிப் பாருங்கள், ஓனர்களுக்குப் புரியும். மாற்றும்போது ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். வீல் சீலில் ஆயில் கசிந்து லைனர் நனைந்திருந்தால் கழுவிப் போடுவது வேலைக்காகாது, புதிதுதான். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கிவிட்டோமே என்பது பதில் ஆகாது. எட்டு வருஷம் வரை எஃப்சி இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். லைனர் அந்தத் தேதியைப் பார்த்துத் தேய்வதில்லை.

நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் மட்டும் போதாதா?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு வாசலில் சிமென்ட் இறக்கிக்கொண்டிருந்தோம். பார்க்க சமதரை மாதிரிதான் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், கட்டை போடவில்லை. பாதி மூட்டை இறங்கியதும் வண்டி ஒரு சாண் நகர்ந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "ஏப்பா, ஒன் வண்டி நடக்குது பாரு" என்றார்கள். மூட்டை சுமந்தவர் பின்னால் நின்றிருந்தார், விலகிக்கொண்டார். பிறகு பார்த்ததில் ஒரு பக்கத்து லைனரில் ஆயில்.

அன்றிலிருந்து என் வண்டிகளில் இரண்டு வேலமரக் கட்டை உண்டு. லோடுக்கு அடியில் போய்விட்டால் தேவைப்படும்போது கிடைக்காது என்பதால், கிளீனர் பக்கத்துக் கதவுக்குக் கீழே கொக்கியில் தொங்கும்.